ரைட் சொல்ல ஓர் ஆள்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். முப்பது வருஷம் டவுன் பஸ் ஓட்டிய இந்த இரண்டு கைகளின் மேல் ஆணையாகச் சொல்கிறேன். ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லியிருந்தால், இனி நான் ஏறும் எந்த பஸ்ஸிலும் எனக்கு ஜன்னல் சீட் கிடைக்காமல் போகட்டும். கிடைத்தாலும் வெயில் பக்கமாகக் கிடைக்கட்டும். பக்கத்தில் தூங்கித் தூங்கி மேலே சாய்கிற ஆள் வந்து உட்காரட்டும். இதற்கு மேல் ஒரு மனிதன் எப்படிச் சத்தியம் செய்வது?

போன குளிர்காலத்தில் என் மகளுக்கு அவள் ஆபீசில் நாலு நாள் பயிற்சி போட்டார்கள். போக வேண்டிய ஊர் எங்களுக்குப் புதிது, குளிருக்குப் பேர்போனது. என்னை வீட்டில் தனியாக விட்டுப் போக அவளுக்கு மனசில்லை. அவள் அம்மா போன பிறகு அவள் என்னை அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பது மாதிரிதான் பார்க்கிறாள். கண்ணை எடுத்தால் பொங்கிவிடுவேனாம். ஆகவே என்னையும் பெட்டியோடு பெட்டியாகக் கட்டி எடுத்துக்கொண்டாள்.

நான் மறுப்புச் சொல்லவில்லை. காரணம் இருந்தது. அந்த ஊரில்தான் என் சகலை இருந்தார். என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். நானும் அவரும் நேராகப் பேசிக்கொண்டது குறைவு. எல்லாம் அக்கா தங்கை மூலமாகத்தான். "அவர் எப்படி இருக்காராம்?" என்று நான் கேட்பேன். "இருக்காராம்" என்று பதில் வரும். அங்கேயும் இதே கேள்வி, இதே பதில். இப்படி ஓடிக்கொண்டிருந்த உறவு. இப்போது அக்காவும் இல்லை, தங்கையும் இல்லை. கேட்டுச் சொல்ல ஆளில்லாமல் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்திருந்தோம்.

என் வீட்டு நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். காலையில் மகள் ஆபீஸ் கிளம்பிவிட்டால் வீட்டில் மிச்சம் நானும் ஃபிரிட்ஜும்தான். அது அவ்வப்போது உறுமும். "என்ன?" என்று கேட்பேன். அதற்குள் அடங்கிவிடும். மாடியில் ஓர் அறை காலியாகக் கிடக்கிறது. சகலையைக் கையோடு கூட்டிவந்து அதில் வைத்துக்கொள்வது என் திட்டம். அவர் சம்மதித்தால் மீதிக் காலத்துக்குப் பேச்சுத்துணை. சம்மதிக்காவிட்டால் ஃபிரிட்ஜ்தான். மகளிடம் மூச்சு விடவில்லை. ஆள் கைக்கு வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

லாட்ஜில் எங்களுக்குக் கொடுத்த அறை மூன்றாவது மாடியில். இரண்டு கட்டில், ஒரு ஹீட்டர், ஒரு ஜன்னல். ஹீட்டரின் சிவப்பு விளக்கு எரியும், சூடு வராது. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர். சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தால், தூரத்தில் எல்லாக் கூரைகளுக்கும் மேலே தலையைத் தூக்கிக்கொண்டு ஒரு பழைய கட்டடம், அதன் உச்சியில் தண்ணீர்த் தொட்டி. பார்த்ததும் தெரிந்துவிட்டது. சகலை அந்தக் கட்டடத்தில்தான் லிஃப்ட் ஓட்டினார். குடியிருப்பதும் அதன் மொட்டைமாடியில், மோட்டார் அறைக்குப் பக்கத்து அறையில். இதுதான் எனக்குத் தெரிந்த விலாசம். அவரிடம் போன் கிடையாது. காதில் வைத்தாலே "மேலயா, கீழயா?" என்று கேட்கத் தோன்றுகிறதாம், எதிர்முனையில் இருப்பவர்கள் வைத்துவிடுகிறார்களாம்.

"அப்பா, வெளிய போகாதீங்க. போனா இந்தத் தெருவோட நிறுத்திக்கோங்க. மஃப்ளரைக் கழட்டாதீங்க. மாத்திரை இந்த டப்பால, மதியத்துக்கு பன் இந்தக் கவர்ல. போன் அடிச்சா எடுங்க. எடுத்துட்டு சும்மா மூச்சு விடாதீங்க, பேசுங்க" என்றாள் மகள், ஒரு காலில் ஷூவோடு.

"பேசுறேன்."

"என்ன பேசுவீங்க?"

"நல்லா இருக்கேன்னு."

"அதான் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போன சூட்டோடு நானும் படியிறங்கி வாசலுக்கு வந்துவிட்டேன். வந்தவன் அங்கேயே நின்றுவிட்டேன். இதை விளக்க வேண்டும். முப்பது வருஷம் பின்னாலிருந்து ஒருவர் "போலாம், ரைட்" என்று சொல்லி நகர்ந்த உடம்பு இது. ரைட் விழாமல் கால் எடுக்காது. ஓய்வு பெற்ற பிறகு அந்த வேலையை என் மனைவி எடுத்துக்கொண்டாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பேன், சமையலறையிலிருந்து "ரைட், ரைட்" என்று குரல் வரும், கிளம்புவேன். எத்தனை சண்டையானாலும் அதை மட்டும் நிறுத்தமாட்டாள். நிறுத்தினால் நான் வாசலிலேயே நிற்பேன் என்று அவளுக்குத் தெரியும். அவள் போன பிறகு நான் பெரும்பாலும் வாசலில்தான் நிற்கிறேன்.

அந்தக் குளிரில் அப்படி எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. சலவைத் துணி ஏற்ற ஒரு வேன் வந்தது. மூட்டைகளைப் போட்டுவிட்டு வேலைக்காரி வேன்காரனைப் பார்த்து, "சரி, எடு" என்றாள். எனக்குச் சொன்னதில்லைதான். ஆனாலும் எடுத்துக்கொண்டேன். வேன் ஒரு பக்கம் போக, நான் இன்னொரு பக்கம் நகர்ந்தேன்.

அன்று விழுந்திருந்த மூடுபனியைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை, மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். பார்த்ததை மட்டும் சொல்கிறேன். பேப்பர் போடுகிறவர் தன் சைக்கிளைப் பனியின் மேல் சாய்த்து வைத்துவிட்டு ஒரு வீட்டுக்குள் போனார். சைக்கிள் நின்றது. பத்து மணி வாக்கில் லேசாக வெயில் வந்ததும் கீழே விழுந்தது. அவ்வளவுதான்.

கட்டடத்தைக் குறி வைத்து நடந்தேன். என் நடையில் ஒரு கோளாறு உண்டு. பஸ் ஸ்டாப் வந்தால் நின்றுவிடுவேன். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிற்க வேண்டும், இறங்குகிறவர் இறங்க வேண்டும், ஏறுகிறவர் ஏற வேண்டும், பிறகுதான் நகர்வேன். அன்று முதல் ஸ்டாப்பில் நான் நின்றதும் அங்கே நின்றிருந்தவர்களுக்கு எப்படிப் புரிந்ததோ, என் பின்னால் வரிசையாக நின்றுகொண்டார்கள்.

"மார்க்கெட் போகுமா?" என்று ஒரு அம்மா கேட்டாள்.

"போகும்" என்றேன். ஊர் எனக்குப் புதிது. ஆனால் போகாது என்று சொல்லி வழக்கமில்லை.

கடைசி ஆள், "போலாம்" என்றார். நடந்தேன். பின்னால் ஒரு கூட்டமே கைப்பையும் குடையுமாக வந்தது. அடுத்த ஸ்டாப்பில் சிலர் கழன்றுகொண்டார்கள், சிலர் சேர்ந்துகொண்டார்கள். ஓர் ஆசாமி, "கொஞ்சம் வேகமா போங்க, ஆபீசுக்கு லேட்டாகுது" என்றார். "பின்னால இடம் இருக்கு, அங்க போங்க" என்று பதிலுக்கு யாரோ அவரை அதட்டினார்கள். மார்க்கெட் எதிரில் அந்த அம்மா இறங்கினாள், அதாவது நின்றாள். ஆஸ்பத்திரி வாசலில் மூன்று பேர். பள்ளிக்கூடத்தருகே ஒரு டீச்சர். ஒவ்வொருவராக இறங்கிப் போய், கடைசியில் ஒரு மரக்கடைச் சுவரோரம் தெரு முடிந்த இடத்தில் திரும்பிப் பார்த்தால், பின்னால் யாரும் இல்லை. கட்டடம் முன்பிருந்ததை விடத் தள்ளிப் போயிருந்தது. பஸ் ஓட்டிய காலத்திலும் கடைசி ஸ்டாப்பில் இதே கதைதான். ஆனால் அப்போது பின்னால் கண்டக்டராவது இருப்பார், டிக்கெட் கட்டைத் தட்டிக்கொண்டு, "டீ சாப்பிடலாமா?" என்பார்.

டீ நானே குடித்தேன். மத்தியான வெயிலில் என் நிழல் எனக்கு முன்னால் நீண்டு போய்க்கொண்டிருந்தது. குளிர்கால நிழல், அதற்கு அவசரம். நான் டீக்கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் அது முன்பே போய் நின்றிருக்க வேண்டும். கடைக்காரர் தம்ளரைத் தயாராக நீட்டினார், சர்க்கரை குறைவாக. வேறு எதுவும் பேசவில்லை. நிழலிடமே பேசி முடித்துவிட்டார் போலிருக்கிறது.

சாயங்காலம் மகள் வந்தாள். "எங்க போனீங்க?" என்றாள்.

"இந்தத் தெருவோட நிறுத்திக்கிட்டேன்."

"ஷூவெல்லாம் மரத்தூளா இருக்கு?"

"இந்தத் தெரு நீளம்மா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அதற்குள் லேப்டாப்பைத் திறந்துவிட்டாள். கட்டிலில் உட்கார்ந்தபடியே சாப்பிட்டோம். பாதியில் அவள் போனை எடுத்துக்கொண்டு வராந்தாப் பக்கம் போய், யாருக்கோ மறுநாள் வேலையைப் பற்றி நீண்ட நேரம் விளக்கினாள். நல்ல பெண். எனக்காக எல்லாம் செய்கிறாள். உட்கார்ந்து பேச மட்டும்தான் நேரம் கிடைப்பதில்லை; அது அவள் கையில் இல்லை.

அடுத்த நாள் வேறு திசையிலிருந்து முயன்றேன். கட்டடம் இப்போது ஒரு மேட்டுத் தெருவின் தலைமாட்டில் தெரிந்தது. அந்தத் தெருவின் சரிவை எப்படிச் சொல்ல? மேல் வீட்டுக்காரர்கள் செருப்பை வாசலில் கழற்றி வைத்தால் கீழ் வீட்டுக்காரர்கள் போட்டுக்கொண்டு போகிறார்கள். நான் ஏறிக்கொண்டிருக்கும்போது என் கோட்டுப் பித்தான் ஒன்று அறுந்து விழுந்து உருளத் தொடங்கியது. அதைத் துரத்திக்கொண்டு இறங்கினேன். அது என்னை விட நன்றாக ஓட்டியது. தெருவடியில் ஒரு சந்துக்குள் நுழைந்து, ஒரு தையற்கடை வாசலில் இருந்த தகர டப்பாவுக்குள் போய் டணங்கென்று விழுந்தது. தையற்காரம்மா தலையை நிமிர்த்தக்கூட இல்லை.

"கோட்டுப் பித்தானா?" என்றாள்.

"ஆமா."

"குளிர் வந்தா கோட்டுப் பித்தான். வெயில் வந்தா சட்டைப் பித்தான். கடை வச்சதுலேருந்து நான் பித்தானே வாங்கினதில்லீங்க." கோட்டைக் கழற்றச் சொல்லாமலே என் வயிற்றருகே ஊசியைக் குத்தித் தைத்துவிட்டாள். "பேசாதீங்க. பேசினா வயித்தையும் சேர்த்துத் தச்சிருவேன்."

தைத்து முடித்ததும் கிளம்பினேன். கிளம்ப முடியவில்லை. அது முட்டுச்சந்து. எனக்கு எதிரில் சுவர். திரும்புவதற்கு இடம் போதாது. நிறைய பேர் சிரிப்பீர்கள். ஒரு பெரிய வண்டியை முட்டுச்சந்தில் விட்டவனைக் கேட்டால் தெரியும், பின்னால் ஆள் நிற்காமல் ரிவர்ஸ் எடுக்கக் கூடாது. நான் சுவரைப் பார்த்தபடி நின்றேன்.

"என்னங்க, சுவர்ல என்ன பாக்குறீங்க?"

"பின்னால பாத்துச் சொல்லணும்."

அவள் ஒரு நிமிஷம் என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு மிஷினிலிருந்து எழுந்து நடுச்சந்தில் வந்து நின்றுகொண்டு, உள்ளங்கையை ஆட்டினாள். "வாங்க... வாங்க... வரலாம். லெஃப்ட்ல ஒடிங்க. இன்னும் ஒடிங்க. குழாய் இருக்கு, பாத்து. ம், போதும். நேராக்குங்க." சந்து முனை வரை கொண்டுவந்து விட்டாள். "எங்க வீட்டுக்காரரும் லாரிதான்" என்றாள், அவ்வளவே. அந்த நாலு நாளில் என்னிடம் அதிகம் பேசிய வெளியாள் அவள்தான். இன்னொரு பித்தான் அறுந்தால் தேவலை என்று கோட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டே மேடேறினேன். கெட்டியாகத் தைத்திருந்தாள்.

சகலையைப் பார்க்கப் போகிறோமே, முகத்தைச் சரி செய்துகொள்ளலாம் என்று வழியில் ஒரு சலூனில் நுழைந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் கண்ணாடியில் ஆளில்லை. வெறும் நாற்காலி. "கொஞ்சம் பொறுங்க, குளிருக்குக் கண்ணாடி லேட்டு" என்றார் நாவிதர், கத்தரியைத் துடைத்துக்கொண்டே. சிறிது நேரம் கழித்து நான் கண்ணாடிக்குள் வந்து உட்கார்ந்தேன். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது எனக்கு, அதாவது அவனுக்கு. சவரம் முடிந்து எழுந்து வாசலுக்கு வந்து திரும்பிப் பார்த்தேன். அவன் இன்னும் உள்ளேதான் உட்கார்ந்திருந்தான், கழுத்தில் துண்டோடு, ஹீட்டர் பக்கத்தில். நாவிதர் அவனிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். நான் கூப்பிடவில்லை. அவனாவது கொஞ்ச நேரம் சூடாக இருக்கட்டும்.

கட்டடம் வந்துவிட்டது. உள்ளே லிஃப்டில் ஏறினால் ஒரு பெண் குரல், "கதவு மூடுகிறது" என்றது. ஆளைக் காணோம். கூரையில் இருந்த ஓட்டைக்குள்ளிருந்து பேசுகிறாள். கடைசி மாடியில் இறங்கி, இரும்புப் படியேறி, மொட்டைமாடிக் கதவைத் தள்ளினேன். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஒரு ஸ்டூலில், போர்வையைச் சுற்றிக்கொண்டு சகலை உட்கார்ந்திருந்தார்.

"என்ன சகலை, இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்றார்.

"வழி தெரிஞ்சுது. தெருதான் ஒத்துழைக்கல."

"அக்கா போனப்ப வர முடியல."

"தெரியும்."

"யாரும் எந்த மாடின்னு சொல்லல."

அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. லிஃப்ட் ஓட்டியவருக்கு ஒரு வழக்கம். யாராவது போக வேண்டிய இடத்தைச் சொன்னால்தான் அவர் நகர்வார். தானாக எந்த மாடிக்கும் போனதில்லை. அந்த ஊரில் இத்தனை வருஷம் இருந்தும் அவருக்குப் பக்கத்துத் தெரு தெரியாது. உயரமாகப் பார்த்தால் ஊரையே அறிந்தவர், அகலமாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாதவர்.

"கீழ ஒரு பொம்பள பேசுறாளே?" என்றேன்.

"அவதான் என் வேலைக்கு வந்தவ. ஏறுறவன் எல்லாம் அவளுக்கு நன்றி சொல்றான் சகலை. எனக்கு ஒருத்தன் சொன்னதில்ல. நான் எதிர்லயே நின்னேன், எனக்கு மூஞ்சி வேற இருந்துச்சு."

சூரியன் விழும் வரை உட்கார்ந்து பழைய கணக்கு தீர்த்தோம். சகலைகளுக்குள் என்ன கணக்கு? மாமனார் வீட்டுக் கணக்குதான்.

"உங்களுக்குத்தானே மாமனார் வாட்ச் போட்டாரு" என்றார் அவர்.

"அது ஓடவே இல்ல சகலை."

"ஓடாட்டி என்ன? கட்டினது உங்க கையில. எனக்குக் கடிகாரமே கிடையாது. மருமகன் லிஃப்ட்லதானே இருக்காரு, அவருக்கு எதுக்கு மணி தெரியணும்னாராம்."

"உங்களுக்கு ரெண்டு தலையணை. எனக்கு ஒண்ணு. அதுவும் மாமியார் வச்சிருந்தது. பஞ்சு ஒரே பக்கமா இருக்கும்."

"மூத்த மாப்பிள்ளைக்குத் தலை கனம், ஒண்ணு போதும்னு மாமியார் சொன்னாங்க."

இப்படிப் பேச ஒரு ஆள் கிடைப்பதற்கு எவ்வளவு கொடுத்துவைத்திருக்க வேண்டும்! இதே தலையணையைப் பற்றி நான் மகளிடம் சொன்னால், புதுத் தலையணை வாங்கிவிடுவாள்.

மூன்றாம் நாள் அவரைக் கீழே இறக்கினேன். "எத்தனாவது?" என்றார். "தரைக்கு" என்றேன். வந்துவிட்டார்.

தெருவில் அவர் நடந்த விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் உடனே வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். அருகில் இருவர் வந்து நின்றால் அண்ணாந்து பார்ப்பார். "இது எத்தனாவது தெரு?" என்று கேட்டார். மூன்றாவது என்றேன். "அப்ப பல் டாக்டர் இருக்கணுமே" என்று தேடினார். அவர் கட்டடத்தில் மூன்றாவதில் பல் டாக்டராம். நான் ஸ்டாப்புக்கு ஸ்டாப் நின்றேன். அவர் நான் நிற்கும் இடமெல்லாம் ஒதுங்கி, யாருக்கோ வழி விட்டார். சதுக்கத்தில் ஒரு பெரிய மனிதரின் சிலை இருந்தது. முதல் நாள் நான் பார்த்தபோது கையை முன்னால் நீட்டிக்கொண்டிருந்தவர், இப்போது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டிருந்தார். குளிர் அப்படி. நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பூங்காவில் ஈரம் காயாத பெஞ்சியில் உட்கார்ந்தோம். இரண்டு டீ வாங்கி வந்தேன். அவர் குடிக்கவில்லை. கையில் பிடித்திருக்கத்தான் கேட்டாராம். கடைசியில் இரண்டையும் நானே குடித்தேன். எதிரே மரத்தில் இலை இல்லை. நடைபாதையில் எல்லோரும் எங்கேயோ போகிறவர்களாகவே இருந்தார்கள். அந்த ஊர் முழுக்க உட்கார்ந்திருந்தது நாங்கள்தான்.

"சகலை, எங்க வீட்டுக்கு வந்துருங்க" என்றேன்.

அவர் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க வீடு எத்தனை மாடி?"

"கீழ நாங்க. மேல ஒரு ரூம்."

"ஒரே மாடிதானா?"

"ஒண்ணுதான்."

"ஒரு மாடிக்கு எதுக்கு சகலை ஆளு? படியே போதுமே."

"மாடிக்கு ஆள் கேக்கல. எனக்குக் கேக்குறேன்."

அவர் எதிரே இருந்த மரத்தை அண்ணாந்து பார்த்தார். எனக்குக் குளிர் முழங்காலில் ஏறியது. வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்து, நானே பேச்சை மாற்றுவது மாதிரி எழுந்து நின்றேன். எழுந்தவன் நின்றபடியே நின்றேன். பின்னால் அவர் தொண்டையைச் செருமினார்.

"ரைட்" என்றார்.

புதுக் கண்டக்டர் சொல்வது மாதிரி, கொஞ்சம் சந்தேகத்தோடு. ஆனால் ரைட் ரைட்தான். ஒரு வருஷத்துக்குப் பிறகு எனக்கென்று சொல்லப்பட்டது. என் கால் நகர்ந்தது. அவரும் பின்னாலேயே வந்தார். ஊரெல்லாம் சுற்றினோம். எந்தத் திருப்பத்திலும் நிற்கவில்லை. "ரைட்... ரைட்... ஆள் வருது, ஹோல்டான்... ரைட்." சாயங்காலம் அவர் குரல் நன்றாகப் பழகிவிட்டது. மறுநாள் ரயிலுக்கு வந்துவிடுவதாகப் பேச்சு.

அன்று மகளிடம், "மாடி ரூமுக்கு ஒரு தலையணை வாங்கணும், ரெண்டா வாங்கிரு" என்றேன்.

"யாருக்குப்பா?"

"சும்மா. இருக்கட்டுமே."

அவள் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

மறுநாள் ஸ்டேஷனில் பெட்டிகளை மகள் உள்ளே கொண்டுபோய் அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் ரயில்பெட்டி வாசலில் நின்றேன். மேடையில் மூச்செல்லாம் புகையாக இருந்தது. புகைக்குள்ளிருந்து சகலை வந்தார். ஒரு டிரங்குப் பெட்டி, அதே போர்வை. நேராக என் எதிரில் வந்து நின்று, பெட்டியைக் கீழே வைத்தார். பிறகு வழக்கம்போல என் பக்கம் முதுகைக் காட்டித் திரும்பி, ஏறுகிறவர்களுக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றார். ஏறட்டும், தாராளமாக ஏறட்டும் என்று கையால் காட்டினார். எல்லோரும் ஏறினார்கள்.

"எத்தனாவது சகலை?" என்றார், திரும்பாமலே.

பதில் சொல்ல வேண்டியது நான். ஏறுங்க என்று ஒரு சொல் போதும். ஆனால் நான் டிரைவர். ஏறு, இறங்கு என்று ஆளைக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. அது கண்டக்டர் வேலை. முப்பது வருஷம் அதில் நான் தலையிட்டதே இல்லை. என் வேலை, எல்லோரும் ஏறிவிட்டார்கள் என்று பின்னாலிருந்து குரல் வரும் வரை காத்திருப்பது. நான் அவர் ரைட் சொல்லக் காத்திருந்தேன். அவர் நான் இடத்தைச் சொல்லக் காத்திருந்தார். இருவருக்கும் ரயில் எப்படியும் எங்களுக்காக நிற்கும் என்ற நம்பிக்கை. எங்கள் வண்டிகள் எல்லாம் அப்படித்தான் நின்றன.

யாரும் எதுவும் சொல்லாமலே அது நகர்ந்தது. அப்படி ஒரு வண்டியை நான் அதுவரை பார்த்ததில்லை. சகலை திரும்பிப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு தூண் வந்தது, ஒரு பேப்பர் கடை வந்தது, பிறகு மேடையே முடிந்துவிட்டது.

"அப்பா, கதவுகிட்ட நிக்காதீங்க, குளிருது" என்று மகள் வந்து கையைப் பிடித்தாள். "யாரைப் பாக்குறீங்க?"

"யாரையும் இல்ல."

"ஏன் கண்ணு கலங்கியிருக்கு?"

"காத்து."

மஃப்ளரை இழுத்துக் காதுவரை சுற்றிவிட்டாள். இடத்துக்கு அழைத்துப்போய் ஜன்னலோரம் உட்காரவைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தவள் போன் அடிக்கவும் எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அவள் வரும் வரை அந்தச் சீட்டில் என் கையை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன், யாராவது வந்து உட்கார்ந்துவிடப் போகிறார்கள் என்று. யாரும் வரவில்லை. மாடி அறையில் இப்போது இரண்டு தலையணை இருக்கிறது. காலையில் மகள் போன பிறகு ஃபிரிட்ஜ் உறுமுகிறது, நான் "என்ன?" என்கிறேன்.

ஒரு விவரம் விட்டுப்போயிற்று. என் மாமனாருக்கு ஒரே பெண். அவளைத்தான் நான் கட்டிக்கொண்டேன்.